கார்த்திகையில் விதைத்துப் பொங்கலுக்குப் பிடுங்கும் முள்ளங்கி

மதுரைப் பக்கம் முள்ளங்கி போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். மண், உரம், பூச்சி எல்லாம் அதற்கப்புறம்தான். எந்த மாதத்தில் விதை விழுகிறது, எந்த வாரத்தில் கிழங்கு வெளியே வருகிறது என்ற இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் இதைப் போலச் சுலபமான பயிர் வேறு இல்லை. ஒன்று தவறினாலும் கையில் கிடைப்பது இலையும் நாரும்தான்.

எங்கள் வீடு ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை தெரிகிற இடத்தில் இருக்கிறது. பின்பக்கம் சிறிய பாத்திகள், மொட்டை மாடியில் வளர்ப்புப் பைகள். கீழே இருப்பது சரளை கலந்த செம்மண். என் அத்தைக்கு (கணவரின் அம்மா) பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம், கரிசல் காடு. அங்கேயும் எங்கள் மாமா வீட்டுக் கொல்லையில் முள்ளங்கி போட்டுப் பார்த்திருக்கிறோம். இரண்டு மண்ணிலும் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

முள்ளங்கி குளிர் விரும்பும் பயிர். வேர் நன்றாகப் பருத்து, நார் விழாமல், காரம் அளவோடு வருவதற்கு 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் தோதானது. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். சித்திரை, வைகாசியில் பகல் 40-ஐத் தாண்டிவிடும். ஆக, முள்ளங்கி கேட்கிற குளிரை மதுரை ஒருநாளும் முழுசாகக் கொடுக்கப்போவதில்லை. நம்மால் முடிந்தது, வருஷத்தில் வெயில் தணிந்திருக்கும் இரண்டரை மாதத்தைப் பிடித்துக்கொள்வதும் வெயில் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்குவதும்தான்.

பக்கத்து வீட்டு மதனி பங்குனி கடைசியில் ஒரு பாத்தி போட்டார். முளைப்பு அருமை. இலை முழங்கால் உயரம் வந்தது. தண்ணீரும் குறை வைக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல் பருமன்தான். கடித்தால் காரம் மூக்கில் ஏறியது, சாம்பாரில் எவ்வளவு வெந்தும் நார் பிரியவில்லை. அதே விதைப் பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை எங்கள் பாத்தியில் கார்த்திகையில் போட்டோம். கைக்கு அடக்கமான, வெள்ளை வெளேரென்ற கிழங்காக வந்தது. விதையும் ஒன்று, மண்ணும் ஏறக்குறைய ஒன்று, மாதம் மட்டும் வேறு.

காரம் ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. முள்ளங்கிக்குள் கந்தகச் சேர்மங்கள் தனியாகவும் ஒரு நொதி தனியாகவும் இருக்கின்றன. நறுக்கும்போதோ கடிக்கும்போதோ இரண்டும் கலந்து அந்த நெடி பிறக்கிறது. வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் அந்தச் சேர்மங்கள் கூடிவிடும். கோடை முள்ளங்கியை வீட்டில் பிள்ளைகள் தொடாமல் ஒதுக்குவதை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தை மாத முள்ளங்கியைக் கொடுத்துப் பாருங்கள்.

எங்கள் கணக்கு இதுதான். புரட்டாசி கடைசியில் மண்ணைத் தயார் செய்து வைத்துவிடுவோம். ஐப்பசி அடைமழையில் விதை போடுவதில்லை. பெரிய மழை அடித்தால் மேலாக ஊன்றிய விதை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும். மழை விட்டு வெயில் வந்ததும் மேல்மண் காய்ந்து ஓடாக இறுகி, முளை தலைதூக்க முடியாமல் உள்ளேயே மடியும். மழை வெறித்து, காலையில் பனி இறங்கத் தொடங்கும் கார்த்திகை முதல் வாரத்தில் முதல் வரிசை. அப்புறம் பத்து நாளுக்கு ஒரு வரிசை, மார்கழி பாதி வரை. கார்த்திகை நடுவில் போட்டது சரியாகப் பொங்கலை ஒட்டிக் கைக்கு வரும். ஒரே நாளில் மொத்தப் பாத்தியையும் விதைத்தால் ஒரே வாரத்தில் மொத்தமும் முற்றும். எந்த வீட்டில் ஒரு வாரம் முழுக்க முள்ளங்கிச் சாம்பார் வைக்க முடியும்? வரிசை வரிசையாகப் போடுவது அதற்காகத்தான்.

ரகம் கேட்டு வாங்குங்கள். "முள்ளங்கி விதை குடுங்கண்ணே" என்று மட்டும் கேட்டால் கடையில் எது கையில் இருக்கிறதோ அது வரும். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா சேட்கி வெயில் தாங்கும், 40 முதல் 45 நாளில் எடுத்துவிடலாம். அதே நிறுவனத்தின் பூசா ஹிமானி குளிர்ப் பிரதேசத்துக்கானது, நமக்கு ஆகாது. பெயரில் பூசா இருக்கிறதென்று குழப்பிக்கொள்ள வேண்டாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா நிஷாந்த் இன்னும் பத்து நாள் கூட எடுக்கும். ஆனால் உள்ளே சக்கை விழாமல் நிற்கும் குணம் அதற்கு உண்டு, ஊருக்குப் போய்வந்து தாமதமாகப் பிடுங்குகிறவர்களுக்கு நல்லது. சிவப்பு உருண்டை முள்ளங்கி ஒரு மாதத்துக்குள் வந்துவிடும், மாடியில் சின்னத் தொட்டியே போதும். அதை மார்கழியில் மட்டும் போடுங்கள். விதைப் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பது எல்லா ரகத்துக்கும் பொது.

நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடும் வேலை முள்ளங்கிக்குக் கூடவே கூடாது. ஆணிவேரின் நுனி கொஞ்சம் அடிபட்டாலும் அது இரண்டாகவோ மூன்றாகவோ கிளைத்துவிடும். விதை எங்கே விழுகிறதோ அங்கேயேதான் வளர வேண்டும். அந்த வேர் கீழே இறங்கும் வழியில் கல் இருந்தாலும் இதே கதைதான். சரளை மண்ணில் இருக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய வேலை. ஒரு அடி ஆழம் கொத்தி, மண்ணைச் சல்லடையில் சலித்து, சரளையை வேலியோரம் கொட்டிவிட்டுத்தான் நாங்கள் பாத்தி கட்டினோம். இடுப்பு ஒடியும் வேலை, ஆனால் ஒருமுறை செய்தால் வருஷக்கணக்கில் பலன் இருக்கிறது. அந்தப் பாத்தியில் கேரட், பீட்ரூட் எது போட்டாலும் நேராக இறங்குகிறது.

கரிசல் மண்ணில் கதை வேறு. ஈரத்தில் பிசுபிசுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பிடுங்கும்போது கிழங்கு பாதியில் ஒடிந்து மிச்சம் மண்ணுக்குள் நின்றுவிடும். மாமா வீட்டில் ஆற்று மணலும் மக்கிய குப்பையும் கலந்து, தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி போட்ட பிறகுதான் முழுக் கிழங்கு வந்தது. மேட்டுப்பாத்தியில் மழைத் தண்ணீரும் தேங்காது.

சாணம் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைச் சாணம் வேண்டாம். அது வேரைக் கிளைக்க வைக்கும், இலையைத்தான் கொழுக்க வைக்கும். மண்வாசனை மட்டும் வருகிற, பொலபொலவென்று உதிர்கிற தொழுஉரமாக இருக்க வேண்டும். யூரியா பக்கமே போகாதீர்கள். தழைச்சத்து கூடினால் மேலே காடாக இலை, கீழே ஒன்றும் இருக்காது. நிழலில் போட்டாலும் அப்படித்தான் ஆகும். குறைந்தது அரை நாள் வெயில் விழுகிற இடம் வேண்டும்.

இனி தண்ணீர். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. முள்ளங்கி உப்புக்கு ரொம்பவும் ஆற்றாத பயிர். மண்ணில் உப்பின் அளவைக் கணக்கிடும் அலகில் (மீட்டருக்கு டெசிசீமென்ஸ்) தக்காளி 2.5 வரை தாங்கும், பீட்ரூட் 4 வரைகூட விளைச்சல் குறையாமல் நிற்கும். முள்ளங்கிக்கு 1.2-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். அதனால், "அதே தண்ணியிலதான் தக்காளி காய்க்குது, முள்ளங்கி மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்கிறவர்கள் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். தொட்டியின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு.

இன்னொரு பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுக்க அந்தப் பக்கெட்டில்தான் இருக்கிறது. வீடு துடைக்க, வாசல் தெளிக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முள்ளங்கிக்கு மட்டுமாவது வேண்டாம்.

எங்களைக் காப்பாற்றுவது மழைத் தண்ணீர். தமிழ்நாட்டில் 2003-ல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலரும் பெயருக்கு ஒரு குழாயை இறக்கிவிட்டார்கள். நாங்கள் வீடு கட்டும்போது மாடித் தண்ணீர் தனியாக ஒரு தொட்டியில் இறங்குகிற மாதிரி செய்துகொண்டோம். ஐப்பசி மழையில் நிரம்பும் அந்தத் தொட்டி, கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் முள்ளங்கிப் பாத்திக்கும் மாடிப் பைகளுக்கும் போதுமானதாக இருக்கிறது. தொட்டி இல்லாதவர்கள் மழை பெய்யும்போது டிரம்மில் பிடித்து மூடி வைத்தாலும் முளைக்கிற பருவத்துக்காவது உதவும். உப்பு அதிகம் உறுத்துவது அந்த இளம் பருவத்தில்தான்.

மாடியில் வளர்க்கிறவர்கள் தென்னை நார்க் கழிவுக் கட்டியை அப்படியே ஊறவைத்துக் கலந்துவிடக் கூடாது. அதிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்க வேண்டும். நீள ரகத்துக்குப் பை ஒரு அடிக்கு மேல் ஆழம் வேண்டும். செம்மண், அலசிய நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் சம பங்கு. எங்கள் மாடிப் பைகளுக்கு இந்தக் கலவைதான்.

ஊற்றுகிற அளவைவிட ஒழுங்கு முக்கியம். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குளம் கட்டினால் கிழங்கு நீளவாக்கில் வெடிக்கும். காய்ந்து கிடந்த வேர் திடீரென்று தண்ணீரை இழுத்து உள்ளே பருக்கிறது, தோல் ஈடுகொடுக்க முடிவதில்லை. மாடிப் பைக்குத் தினமும் காலையில் ஒருமுறை, கீழ்ப்பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்தால் ஈரம் தட்டுப்பட வேண்டும், சேறு ஒட்டக் கூடாது. செடிகளுக்கு இடையில் காய்ந்த சருகைப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும்.

விதைப்பது எளிது. விரல் நுனியால் அரை அங்குல ஆழத்துக்குக் கோடு இழுத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு விதையாகப் போட்டு, பொடி மண்ணால் மூடி, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைத்துவிடும். வரிசைக்கு வரிசை ஒரு அடி.

அடுத்து வருவது கலைத்தல், அதாவது நெருக்கமாக முளைத்ததில் சிலதை எடுத்துவிடுவது. முள்ளங்கி வராத வீடுகளில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பேன். இரண்டு அங்குல இடைவெளியில் முளைத்தவை எல்லாம் அப்படியே நின்றால் ஒன்றுகூடப் பருக்காது. பந்தியில் ஆளை நெருக்கி உட்கார வைத்தால் யாருக்குமே இலை விரிக்க இடமில்லாமல் போவது மாதிரி. இரண்டு இலைக்கு மேல் மூன்றாவது இலை எட்டிப் பார்க்கும்போது ஒருமுறை, இன்னும் பத்து நாளில் இன்னொரு முறை கலைத்து, கடைசியில் செடிக்குச் செடி நான்கு அங்குலம் நிற்க வேண்டும்.

அத்தைக்கு இதில் உடன்பாடே இல்லை. "முளைச்சு வந்த பிஞ்சைக் கிள்ளிப் போடுறீயே தாயி, உனக்கு எப்படி மனசு வருது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு முளைத்ததை அழிப்பது பொறுக்காது. "கீழ போடப்போறதில்லை அத்தை, கீரைக்குத்தான்" என்று சொல்லி, கலைத்ததையெல்லாம் அலசி, பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் போட்டுப் பொரியல் செய்தோம். லேசான காரத்தோடு அவ்வளவு ருசி. இப்போது கலைக்கும் நாளை அவர்தான் நினைவுபடுத்துகிறார். விதையை இரண்டு அங்குலத்துக்கு நெருக்கிப் போடுவதே இந்தக் கீரைக்காகத்தான் என்று ஆகிவிட்டது.

கலைக்கும்போது பிடுங்காதீர்கள். பக்கத்துச் செடியின் வேரும் அசைந்துவிடும். சின்னக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்கினால் போதும்.

மூன்றாம் வாரத்துக்குமேல் கிழங்கின் தோள்பட்டை மண்ணுக்கு வெளியே எழும்பும். பயப்பட வேண்டியதில்லை. நாம் கிழங்கு என்று சொல்வதில் மேல்பகுதி வேரே இல்லை, அது தண்டின் அடிப்பகுதி. அதனால்தான் அந்த இடத்தில் சல்லிவேர் இருக்காது. வெயில் பட்டால் அது பச்சையாகி இறுகும், எனவே இரண்டு பக்கமும் மண்ணை இழுத்து அணைத்துவிட வேண்டும்.

பூச்சிக்கு நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. இலையில் குண்டூசியால் குத்தினது போல ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது தெள்ளுவண்டு. முளைத்த முதல் பத்து நாளில் மட்டும் அது ஆபத்து, வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும். காலைப் பனியில் இலை நனைந்திருக்கும்போது சலித்த அடுப்புச் சாம்பலை லேசாகத் தூவுவோம். கரிசல் மண்ணுக்குச் சாம்பல் வேண்டாம், அது ஏற்கெனவே காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்) உள்ள மண். மார்கழி மேகமூட்டத்தில் இலைக்கு அடியில் அசுவினி அப்பும். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளித்தால் அடங்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகு போட்ட பாத்தியில் அடுத்தபடி முள்ளங்கி போடாதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம், பூச்சியும் ஒன்றே.

கடைசியில் பிடுங்கும் நாள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. அங்கே வெள்ளன போனால் இலையோடு முள்ளங்கி கிடைக்கும். ஒருநாள் பெரிய கிழங்காகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். விற்கிற அம்மா என் கையைத் தடுத்து, சின்னதை எடுத்துக் கொடுத்தார். "பெருசு எடைக்கு நல்லா நிக்கும் தாயி, குழம்புக்கு ஆகாது. எலத்தண்டக் கிள்ளிப் பாரு. உள்ள ஓட்டையா இருந்தா கெழங்கும் சக்கைதான்." கிள்ளிக் காட்டினார். நான் எடுத்த கிழங்கின் தண்டு உள்ளே கூடாக இருந்தது. அவர் கொடுத்ததில் தண்டு சதையோடு கெட்டியாக, நீர் கசிந்தது. தன் காயைத் தானே குறை சொல்லி நல்லதைக் கொடுத்த அந்த அம்மாவை ஒவ்வொரு தை மாதமும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வித்தையை அன்றிலிருந்து பாத்தியில் செய்கிறோம். முப்பத்தைந்தாம் நாளிலிருந்து, ஓரத்து இலைத்தண்டு ஒன்றைக் கிள்ளிப் பார்ப்போம். தண்டு கெட்டியாக இருக்கும்போதே, தோள்பட்டை ஒன்றரை இரண்டு அங்குலம் பருத்ததும் எடுத்துவிடுவோம். "இன்னும் ஒரு வாரம் விட்டா இன்னும் பெருக்கும்" என்ற ஆசைதான் முள்ளங்கியைக் கெடுப்பது. பெருக்கும், ஆனால் உள்ளே சக்கை விழுந்துதான் பெருக்கும். கடைகளில் எடைக்காக முற்றவிட்ட காயே வருகிறபோது, வீட்டில் வளர்ப்பதன் லாபமே இளசாகப் பிடுங்கும் சுதந்திரம்தான். காசுக் கணக்குப் பார்த்தால் முள்ளங்கி மலிவான காய், பணம் ஒன்றும் பெரிதாக மிச்சமாகாது.

பிடுங்குவதற்கு முந்தின சாயங்காலம் தண்ணீர் விட்டுவையுங்கள், ஒடியாமல் வரும். எடுத்த உடனே ஒரு அங்குலம் விட்டு இலையை நறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் இலை கிழங்கிலிருந்து ஈரத்தை இழுத்து, மறுநாளே கிழங்கு துவண்டுவிடும். அந்த இலையைத் தூக்கிப் போடாதீர்கள். சுணை இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், வெந்ததும் அடங்கிவிடும். பருப்புக் கூட்டு வைக்கலாம், கடைந்தும் சாப்பிடலாம்.

ஒரு வரிசையில் நான்கைந்து நல்ல செடிகளைப் பூக்க விட்டுவிடுவோம். வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து, தேனீ மொய்க்கும். பக்கத்துப் பந்தல் பீர்க்கங்காய்க்கும் அது நல்லதே. பிஞ்சாக இருக்கும் நெற்றுகளைப் பறித்து வதக்கினால் முள்ளங்கி வாசத்தோடு மொறுமொறுவென்று இருக்கும். விதைக்கு விடுவதானால் ஒற்றைச் செடி போதாது. முள்ளங்கி தன் மகரந்தத்தில் தானே காய்ப்பது அரிது, பல செடிகள் சேர்ந்து பூத்தால்தான் விதை பிடிக்கும். நெற்று செடியிலேயே வெளுத்துக் காய்ந்த பிறகு உருவி, நிழலில் உலர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அடுத்த கார்த்திகைக்கு விதை தயார். பக்கத்தில் வேறு ரகமும் பூத்திருந்தால் கலந்துவிடும், அப்படியானால் புதுப் பாக்கெட் வாங்கிக்கொள்வதே மேல்.

மாசி பிறந்ததும் மிச்சம் நிற்கும் முள்ளங்கியையெல்லாம் எடுத்துவிட்டு அந்தப் பாத்தியில் கொத்தவரையோ வெண்டையோ போடுகிறோம். ஆழக் கொத்திய மண் இருப்பதால் வெண்டைக்கு வேர் நன்றாக இறங்குகிறது. வெயிலுக்கு அசராத இந்த இரண்டும் ஆனி வரைக்கும் பாத்தியைக் காலியாக விடாது.